தோட்டத்து உடம்புக்கு வெயில் சுடாதா?

பதுளைப் பக்கத்தில் ஒருவர் மரதன் ஓடப் பழகுகிறார் என்று தெரிந்தால் அவருக்குக் கிடைக்கும் முதல் பாராட்டு இதுதான்: "தோட்டத்துப் பிள்ளைக்குப் பயிற்சி எதுக்கு? பிறந்ததிலிருந்து மலை ஏறி இறங்குற காலாச்சே!" விளையாட்டு ஆசிரியர் இதைச் சொல்வார். டவுனில் ஓடுபவர்கள் சொல்வார்கள். பரிசு கொடுக்கக் கொழும்பிலிருந்து வரும் பிரமுகர் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவார். ஆடி, ஆவணி வெயிலில் எப்படிப் பழகுவது என்று கேட்டால் பாராட்டு அறிவுரையாக மாறும்: "நடுப்பகலில ஓடு, தண்ணி குடிக்காதே, உடம்பு இறுகும். அந்தக் காலத்துல நாங்க ரொட்டியும் சாயத்தண்ணியும் குடிச்சிட்டு ஓடலியா?"

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. மலையகத்தாரைப் பற்றி நாலு பேர் நல்லதாகப் பேசுவது அபூர்வம் என்பதால் நாமும் அதை வாங்கி மடியில் முடிந்துகொண்டோம். ஆனால் இந்தப் பேச்சு அடி முதல் நுனி வரை பிழை. சில இடங்களில் ஆளைக் கொல்லும் பிழை. வெயிலைத் தாங்கும் தன்மை பிறப்போடு வருவதில்லை, வைராக்கியத்தாலும் வருவதில்லை. யார் உடம்பானாலும் நாள் கணக்கில் அளவோடு பழக்கினால் வரும். பழக்கத்தை விட்டால் சில வாரங்களில் போய்விடும். இதை ஒப்புக்கொண்டால் நிழலுக்கும் தண்ணீருக்கும் நேரத்துக்கும் பொறுப்பான ஓர் ஆளுக்கும் செலவு செய்ய வேண்டிவரும். "உங்களுக்குத் தாங்கும்" என்று சொல்லிவிட்டால் அந்தச் செலவு மிச்சம்.

முதலில் மலையை எடுத்துக்கொள்வோம். உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், அங்கே பழகியவன் கீழே இறங்கினால் பறப்பான் என்ற கதை கென்யாவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் வந்தது. அங்கே ஓட்டக்காரர்கள் தங்கிப் பழகும் ஊர்கள் 2,000 மீற்றருக்கு மேலே இருப்பவை. பதுளை நகரம் 680 மீற்றர் அளவில்தான் இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றரைத் தாண்டுகிறது, அப்புத்தளை 1,400ஐத் தாண்டுகிறது. 2,000 வேண்டுமென்றால் நமுனுகுல மலையின் உச்சியில் போய்க் குடியிருக்க வேண்டும். ஆகவே ஹாலிஎலயிலோ பசறையிலோ ஓடுகிறவர் உயரப் பயிற்சி செய்கிறார் என்பது வெறும் பேச்சு. மலை நமக்கு உண்மையில் செய்வது வேறு. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறு, ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும். அப்புத்தளையில் பழகுகிறவருக்கு மலை வெயிலைக் குறைத்துக் கொடுக்கிறது. கொழும்பில் ஓட்டப்போட்டிக்கு இறங்கும் நாளில் அந்தச் சலுகை பறிபோகிறது. மலையில் பழகியதாலேயே அவர் வெயிலுக்குப் பழகாதவராகப் போய் நிற்கிறார்.

கூடை சுமந்து மேடேறுவதும் பள்ளிக்கூடத்துக்குக் குறுக்குப் பாதையில் நடப்பதும் காலுக்கு வலுத் தரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று மரதனுக்குப் பழகுகிற தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் கூடை சுமக்கிறார்கள்? ஆசிரியர், வங்கி ஊழியர், கடைச் சிப்பந்தி, கொழும்பில் வேலை செய்து மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறவர் என்று பலர். முகவரியில் தோட்டம் இருக்கிறது. உடம்பு பகல் முழுதும் மின்விசிறிக்குக் கீழே இருக்கிறது. வெயிலில் நிற்காத உடம்புக்கு, தாத்தா நின்ற வெயில் கணக்கில் சேராது.

பரம்பரை வலு என்று பேசுகிறவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்கட்டும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் 17.3 வீதம். தோட்டப்புறத்தில் 31.7 வீதம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் வளர்ச்சி குன்றி நிற்கும் இடத்தைப் பார்த்து "இரும்பு உடம்பு" என்று மேடையில் சொல்ல ஒருவருக்கு எப்படி நா எழுகிறது?

உடனே குமார் சண்முகேஸ்வரனைக் காட்டுவார்கள். நெடுந்தூர ஓட்டத்தில் தேசிய மட்டத்தில் வென்ற மலையகத்தவர். அவரைக் காட்டுவது சரிதான், காட்டும் காரணம்தான் பிழை. மலையில் பிறந்ததால் அவர் வென்றார் என்றால், மலையில் பிறந்து மலையில் நடந்த மற்ற ஆயிரக்கணக்கானோருக்கு ஏன் அது வாய்க்கவில்லை? அவர் வெற்றியை இரத்தத்தின் கணக்கில் எழுதுகிறவர், ஆண்டுக்கணக்கில் அவர் ஓடிய ஓட்டத்தை அவரிடமிருந்து திருடுகிறார்.

மலைநாட்டார் வெயிலுக்கு அஞ்சார் என்பதை உலகம் ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டது. 2019 செப்டெம்பரில் தோஹாவில் உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மரதன், வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் தொடங்கியது. சூரியனே இல்லை, ஆனாலும் வெப்பம் 32 பாகைக்கு மேல், காற்றில் ஈரம் 70 வீதத்துக்கு மேல். புறப்பட்ட 68 பேரில் 28 பேர் இடையில் நின்றார்கள். எத்தியோப்பிய மேட்டுநிலத்திலிருந்து வந்த மூவருமே முடிக்கவில்லை. வென்ற ரூத் செப்ங்கெடிச்சும் கென்ய மேட்டுநிலத்தவர்தான். ஒரே மாதிரி மலைகளிலிருந்து வந்தவர்களில் ஒருவர் வென்றார், மூவர் நின்றார்கள் என்றால் மலையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றுதான் பொருள்.

இனி வெயில். ஓடுகிற உடம்பு எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு சூடாகவே வெளிப்படுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் மணித்தியாலத்துக்குச் சுமார் 600 கலோரி எரிப்பார். அதில் 450 சூடு. அது வெளியே போகாவிட்டால் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் உடம்பு கொதிக்கும். காப்பாற்றுவது வியர்வை, அதுவும் காற்றில் ஆவியாகும் வியர்வை மட்டும். ஒரு லீற்றர் ஆவியானால் 580 கலோரி அளவு சூட்டை எடுத்துப் போகும். சொட்டி நிலத்தில் விழும் வியர்வை எதையும் எடுத்துப் போவதில்லை. இந்தக் கணக்கில் சாதி, ஊர், பரம்பரை எதற்கும் இடமில்லை.

இதனால்தான் "வெயில் எல்லாம் ஒன்றுதான், இங்கே பழகினால் அங்கேயும் ஓடலாம்" என்பதும் தவறுகிறது. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வரும். கச்சான் என்கிறோமே, அந்தக் காற்று. பதுளை இருக்கும் ஊவாவின் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் வாங்கிக் கொடுப்பதும் ஆடி முதல் புரட்டாதி வரையான இந்த வறட்சிதான். ஆண்டின் பிற்பகுதியில் மரதன் ஓடப்போகிறவருக்கு நீண்ட பயிற்சிகள் விழுவதும் இதே மாதங்களில். கச்சானில் ஓடுகிறவருக்கு வியர்வை தெரியாது. சுரந்த கையோடு காய்ந்துவிடும். சட்டையில் வெள்ளைக் கோடாக உப்புப் படிந்திருப்பதுதான் சாட்சி. "எனக்கு வியர்க்கவே இல்லை" என்று பெருமையாக நினைத்துக்கொண்டே ஒன்றரை லீற்றர் இழந்திருப்பார். கொழும்பிலோ நேர்மாறு. வியர்வை ஆறாக ஓடும், ஆனால் ஈரக் காற்றில் ஆவியாகாது, உடம்பு குளிராது. ஊவாவின் ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் வற்றுவது. கடற்கரையின் ஆபத்து நனைந்தபடியே கொதிப்பது. ஒன்றில் தேர்ந்தவர் மற்றதில் தேர்ந்தவராகிவிட மாட்டார்.

இதில் அதிகம் அடிபடுவது சாதாரண ஓட்டக்காரர். முன்னணியில் ஓடுகிறவர் இரண்டரை மணித்தியாலத்தில் முடித்து நிழலுக்குப் போய்விடுவார். அதிகாலை 5 மணிக்குப் புறப்பட்டாலும் ஐந்து மணித்தியாலம் எடுப்பவர் முடிப்பது 10 மணி வெயிலில். வெப்பம் கூடக்கூட மெதுவாக ஓடுபவர்களின் நேரம்தான் கூடுதலாகக் கெடுகிறது என்பதை 2007இல் வெளிவந்த, பல மரதன்களின் முடிவுகளைத் தொகுத்த அமெரிக்க ஆய்வொன்றும் காட்டியது. அப்படியிருக்க, வென்றவர்களைக் காட்டி "அவர்களுக்குத் தாங்குதே" என்பது யாருக்குச் சொல்லும் ஆறுதல்?

"தாங்கத் தாங்கத்தானே பழகும்?" என்று கேட்பவர்களுக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். உடம்பு வெயிலுக்குப் பழகும் என்பது உண்மை. அதை விரிவாக ஆராய்ந்தவர்கள் விளையாட்டுக்காரர்கள் அல்லர். தென்னாபிரிக்காவின் தங்கச் சுரங்க முதலாளிகள். விற்வாட்டர்ஸ்ரான்ட் சுரங்கங்களின் ஆழத்தில் 1920களில் தொழிலாளர்கள் வெப்பத்தால் செத்துவிழத் தொடங்கினார்கள். பெரும்பாலானோர் வெயில் நாட்டில் பிறந்த ஆபிரிக்கர்கள். பிறப்பு காப்பாற்றவில்லை. ஆகவே புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாட்களில் குறைந்த வேலை, பிறகு படிப்படியாகக் கூடுதல் வேலை என்று முறை வகுத்தார்கள். தொழிலாளியிடம் பிறந்த பாசத்தால் அல்ல; ஆள் செத்தால் தங்கம் வெட்டப்படாது என்பதால். அப்படிப்பட்டவர்களே "அவர்களுக்குத் தாங்கும்" என்று சொல்லி ஒதுங்க முடியாமல் போன இடம் அது.

அந்த வழியாகவும் பிறகு வந்த ஆய்வுகளாலும் தெரிந்தது இது: நாளுக்கு ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் வீதம் ஒன்று முதல் இரண்டு வாரம் சூட்டில் மிதமாக ஓடினால், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், இதயத்துடிப்பு இறங்கும், வியர்வை முந்திச் சுரக்கும், அதில் உப்புக் குறையும். சூட்டிலிருந்து விலகினால் ஒரு வாரத்திலேயே அது தேயத் தொடங்கும். ஒரு மாதத்தில் பெரும்பகுதி போய்விடும். இங்கே "மிதமாக" என்பதுதான் உயிர். முதல் நாளே நடுப்பகலில் 20 கிலோமீற்றர் ஓடி விழுந்தவருக்குப் பழக்கம் வந்து சேராது. வீட்டில் படுக்கும் ஒரு வாரத்தில் இருந்ததும் போகும்.

அப்படியானால் ஊவாவில் இருப்பவர் செய்யக்கூடியது என்ன? நீண்ட ஓட்டத்தை விடிவதற்கு முன் வைத்துக்கொள்ளட்டும். தூரம் காலுக்கு, அதில் வெயிலைக் கலக்க வேண்டியதில்லை. வெயிலுக்கென்று குறுகிய, மெதுவான ஓட்டத்தைத் தனியாக வைக்கட்டும். வேகத்தைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் மூச்சைப் பார்த்து முடிவு செய்யட்டும். ஈரச் சூட்டுக்குப் பழக வேண்டுமானால் போட்டிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே கீழே இறங்க வேண்டும். அது முடியாதவருக்கு, குறைந்தபட்சம் தாழ்நிலச் சூட்டுக்காவது பதுளை மாவட்டத்திலேயே மகியங்கனை இருக்கிறது. பகல் முழுதும் மலையில் கொழுந்து பறித்தவர் மாலையில் ஓடினால் அது அவருக்கு அன்றைய இரண்டாவது பயிற்சி. டவுன்காரருக்குக் கொடுக்கும் அட்டவணையை அப்படியே அவருக்கும் கொடுக்கிற பயிற்றுநர், முதற்பயிற்சி கண்ணில் படாததால் கொடுக்கிறார்.

தண்ணீர் பற்றிய மூடநம்பிக்கை இன்னும் பழையது. 1904இல் சென். லூயிஸ் ஒலிம்பிக் மரதனில் 32 பாகை வெயில், புழுதிப் பாதை. உடம்பில் நீர் வற்றினால் என்னாகும் என்று பார்க்கும் ஆசையில் அமைப்பாளர் ஜேம்ஸ் சலிவன் வழியில் தண்ணீரைக் குறைத்தே வைத்தார். புறப்பட்ட 32 பேரில் 14 பேர்தான் முடித்தார்கள். வென்றவர் ஸ்ட்ரிக்னின் நஞ்சும் பிராந்தியும் புகட்டப்பட்டு, தாங்கிப் பிடிக்கப்பட்டு எல்லைக்கு வந்தார். 1912இல் ஸ்டொக்ஹோமில் போர்த்துக்கலின் பிரான்சிஸ்கோ லாசரோ விழுந்து மறுநாள் இறந்தார். உடம்பெங்கும் கொழுப்பைப் பூசிக்கொண்டு ஓடியவர், வியர்வையின் வழியைத் தானே அடைத்துக்கொண்டவர். அவரும் வெயில் நாட்டிலிருந்து போனவர்தான். நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த, உலகம் கைவிட்டுவிட்ட பரிசோதனையை நாம் "அந்தக் காலத்துப் பயிற்சி" என்று பிள்ளைகள் மேல் இன்னும் நடத்துகிறோம்.

இதற்கு மறுகோடியும் பிழைதான். "முடிந்தவரை குடி" என்று சொன்ன காலமும் உண்டு. 2002 பொஸ்டன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 வீதமானோருக்கு உப்புச்சத்து இயல்பான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. அளவுக்கு மிஞ்சிக் குடித்ததே முக்கிய காரணம். அப்படியென்றால் எவ்வளவு குடிப்பது? தாகத்தைக் கேட்க வேண்டும், எடையையும் பார்க்க வேண்டும். ஓட முன்னும் ஓடிய பின்னும் தராசில் ஏறி நின்றால் எவ்வளவு இழந்தோம் என்று தெரிந்துவிடும். தராசுக்குத் தோட்டத்தில் பஞ்சமா? கொழுந்தை நாளுக்கு இரண்டு மூன்று தடவை நிறுக்கிற இடம் இது. ஒரு கிலோ குறைந்தால் பெயரை வெட்டிச் சம்பளத்தைக் குறைக்கிற இடத்தில், ஆளின் உடம்பில் ஒரு கிலோ குறைந்ததை எழுதி வைக்க ஒரு கொப்பி கிடையாது.

வைராக்கியம் பற்றிய பேச்சுத்தான் எல்லாவற்றிலும் கொடியது. உடம்புச் சூடு 40 பாகையைத் தாண்டினால் முதலில் கெடுவது மூளை. தள்ளாட்டம், தொடர்பில்லாத பேச்சு, காரணமில்லாத கோபம் எல்லாம் அதன் அடையாளங்கள். தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று எண்ணுவதும் தவறு. ஓட்டக்காரர் வியர்வையில் நனைந்தபடியே விழுவார். அந்த நேரத்தில் "விடாதே, இன்னும் கொஞ்சத் தூரம்தான்" என்று கத்துகிறவர், யோசிக்க முடியாத நிலையில் இருப்பவரிடம் மனத்திடத்தைக் கேட்கிறார். செய்யவேண்டியது ஒன்றுதான்: அந்த இடத்திலேயே குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி உடம்பை ஆற்றி, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. அமெரிக்காவின் ஃபல்மவுத் வீதியோட்டத்தில் 18 ஆண்டுகளில் இப்படி விழுந்த 274 பேரையும் குளிர்நீர்த் தொட்டியில் இறக்கினார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அழைத்தாலும் உடைந்த தோட்டப் பாதையில் அம்பியூலன்ஸ் ஏறி வர நேரமெடுக்கும் நம் ஊரில், இந்த அறிவு இரட்டிப்பு அவசியம். தொட்டியும் தண்ணீரும் இங்கே இல்லாதவையா? பீலித் தண்ணீரை விடக் குளிர்ந்தது எது?

2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில் பாடசாலை விளையாட்டுப் போட்டியின் மரதனில் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் இறந்தான். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கைகள் விடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அதற்குப் பிறகும், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெம்பில்லை" என்று ஒரு மரணத்தை முடித்துவைத்தவர்களை நான் கேட்டிருக்கிறேன். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்திய இரண்டு வாரத்தில் அவசரமாகப் பிள்ளைகளை வீதியில் இறக்கி, அதிதிகள் வந்துசேரும் வரை வெயிலில் நிறுத்தி, பிறகு ஓடவிடும் பழக்கத்தைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஏன் பேசுவதில்லை? இந்தப் புகழ்ச்சிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த இந்த மக்களைத் தலைமன்னாரில் இறக்கி மாத்தளை வரை காட்டுவழியே நடத்தியபோதும் இவர்களுக்குத் தாங்கும் என்றுதான் நம்பினார்கள். தாங்காமல் வழியில் செத்தவர்களுக்குக் கல்லறை இல்லை. 2023இல், அவர்கள் வந்த இருநூறாவது ஆண்டில், அந்த வழியை மலையகத்தார் மீண்டும் நடந்து நினைவுகூர்ந்தது அதற்காகவே. தேயிலை மலையில் நிழலுக்கு ஒரு கொட்டில், மலசலகூடம், குடிநீர் கேட்டபோதெல்லாம் கிடைத்த பதிலும் அதே உடம்பைக் காட்டித்தான் வந்தது. ஓட்டப்பந்தயத்தில் அது புகழாரமாக வேடம் மாற்றி வருகிறது. உழைப்பவருக்கு வசதி வேண்டாம் என்றவர்கள் ஓடுபவருக்குப் பயிற்சி வேண்டாம் என்கிறார்கள்.

"இதெல்லாம் வசதியுள்ளவர்களின் விஞ்ஞானம், எங்களுக்கு எங்கே கட்டும்?" என்ற கேள்வி நியாயமானது, அதைக் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மேலே சொன்னவற்றில் எதற்கு வெளிநாட்டு விலை? விடிவதற்கு முன் எழும்புவதற்குக் காசில்லை. தராசு இருக்கிறது. உப்பும் சீனியும் தேசிக்காயும் அடுப்படியில் இருக்கின்றன. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிப் பார்த்தாலே, அன்று காற்று வியர்வையை வாங்குமா மறுக்குமா என்பது தெரிந்துவிடும். அமெரிக்க மரைன் படை 1950களில் தன் பயிற்சி முகாம்களில் ஆட்கள் விழுவதைத் தடுக்க உருவாக்கிய வெப்பச் சுட்டெண்ணில் பத்தில் ஏழு பங்கு அந்த ஈரக்குமிழின் கணக்குத்தான். விலை கூடியது ஒன்றே ஒன்று: ஓடுகிறவரின் உயிருக்குத் தான் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்ளும் ஓர் ஆள்.

ஆகவே பாடசாலைகளிடமும் ஓட்டம் நடத்தும் சங்கங்களிடமும் கேட்கவேண்டியவை எளியவை. இரண்டு வாரப் படிப்படியான பழக்கம் இல்லாத பிள்ளையை வீதியோட்டத்தில் இறக்காதீர்கள். காலை ஏழு மணிக்கு முன் முடியாத ஓட்டத்தை வெயில் மாதங்களில் வைக்காதீர்கள். அதிதி பிந்தினால் அதிதியில்லாமல் தொடங்குங்கள். சில கிலோமீற்றருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தலும் முடிவெல்லையில் ஒரு குளிர்நீர்த் தொட்டியும் இல்லாமல் துப்பாக்கியைச் சுடாதீர்கள். இவற்றைச் செய்ய மனமில்லாதவர்கள் மேடையில் ஏறி எங்கள் உடம்பைப் புகழ வேண்டாம். தோட்டத்துப் பிள்ளை ஓடுவான், ஓடுவாள், வெல்லவும் செய்வார்கள். மற்ற எவருக்கும் கொடுக்கவேண்டியதை அவர்களுக்கும் கொடுத்தால்.